எது வேலை செய்யாது என்பதையும் எழுதித் தாருங்கள்

வங்கிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மென்பொருள் விற்கும் நிறுவனங்களின் தயாரிப்பு, விற்பனை, வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்களுக்கு,

எங்கள் வங்கிக்கு மென்பொருள் தரும் நிறுவனம் ஒன்று நான் கொடுத்த புகாருக்கு இரண்டே வாக்கியத்தில் பதில் எழுதி, டிக்கெட்டை மூடிவிட்டது. "எங்கள் தயாரிப்பு டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 டபுள் ஏ தரத்துக்கு உட்பட்டது. உங்கள் கணினியின் அமைப்பைச் சரிபார்த்துக்கொள்ளவும்." டபிள்யூ.சி.ஏ.ஜி. என்பது இணையத் திரைகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் சர்வதேச விதித்தொகுப்பு; ஏ, டபுள் ஏ என்பவை அதன் நிலைகள். என் கணினியில் ஒரு கோளாறும் இல்லை. அதே கணினியில், திரையைப் படித்துச் சொல்லும் அதே ஸ்கிரீன் ரீடரில், அவர்களுடைய பழைய பதிப்பு வருஷக்கணக்காக ஒழுங்காக ஓடியது.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பதிலை உங்களில் யார் வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். வேறு வங்கிகளிலும் கல்லூரிகளிலும் இருக்கும் பார்வையற்ற நண்பர்களிடம் பேசிப் பார்த்தேன். அவர்களுக்கு வந்த பதில்களும் வேறு வேறு லெட்டர்பேடில் ஏறக்குறைய இதே வாசகம்தான். அதனால்தான் தனிப்புகாராக விடாமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

எனக்குப் பார்வை முற்றிலும் இல்லை. பொதுத்துறை வங்கி ஒன்றின் கிளையில் ஓய்வூதியப் பிரிவைக் கவனித்துவந்தேன். என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர், திரையில் இருப்பதைக் காதில் படித்துச் சொல்லும். நான் கீபோர்டில் வேலையை முடிப்பேன். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய மென்பொருள் அது. இன்றைக்கும் இலவசம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களைப் போன்றவர்கள் உங்கள் திரையை எப்படிக் கேட்கிறோம் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. இறக்கி நிறுவி, மானிட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம் நவம்பர். அந்த மாதத்தில் எங்கள் சீட் எப்படி இருக்கும் என்று வங்கிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரியாக அதற்கு முன்பாகத்தான் புதிய பதிப்பு வந்து இறங்கியது. பழைய திரையில் பி.பி.ஓ. எண்ணை, அதாவது ஓய்வூதிய ஆணை எண்ணை, அடித்து என்டர் தட்டினால் பெயர், கணக்கு எண், சான்று கடைசியாகக் கொடுத்த தேதி என்று வரிசையாகப் படிக்கும். புதிய தேதியை அடித்துச் சேமித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். புதிய திரையில் தேதியை அடிக்கவே முடியாது. குட்டி நாட்காட்டி ஒன்றை மவுஸால் திறந்து, மாதத்தைத் தள்ளி, நாளைத் தொட வேண்டும். கீபோர்டுக்கு அது திறக்காது. டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் காதில் விழுவது "பட்டன், பட்டன், பட்டன்" மட்டும்தான். எது சேமிக்கிற பட்டன், எது அழிக்கிற பட்டன் என்று அது சொல்லாது, நானும் அழுத்திப் பார்க்க முடியாது. ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அதன் ஓரம் சிவப்பாக மாறுமாம். அப்படி மாறுகிறது என்பதையே பக்கத்து சீட் மேடம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"சார், உங்க ஐ.டி.யில நானே போட்டுடறேன்" என்று அந்த மேடம் நல்ல மனதோடுதான் சொன்னார். வங்கியில் அது நடக்கிற காரியமா? நான் பதிவு செய்வதை இன்னொருவர் சரிபார்க்கிற மேக்கர்–செக்கர் முறையில், ஒவ்வொரு பதிவின் மேலும் என் ஐ.டி. விழுகிறது. நாளைக்கு ஒரு கணக்கில் தப்பு வந்தால் விளக்கம் கேட்டு வரும் மெமோ எனக்குத்தான் வரும். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விளைவு, ஓய்வூதியப் பிரிவு வேறொருவருக்குப் போனது, என்னை வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்லும் விசாரணை மேஜையில் உட்கார வைத்தார்கள். "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்" என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எனக்கு இருந்த ஒரே சிரமம் உங்கள் மென்பொருள்.

தவறுகள் எல்லா மென்பொருளிலும் உண்டு. பெயரிடாத பட்டனுக்குப் பெயர் வைப்பது உங்கள் ஆட்களுக்கு அரை நாள் வேலை. அதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. அந்தத் தேதிக் கட்டம் கீபோர்டில் திறக்காது என்பது வாங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தால், எங்கள் தலைமை அலுவலகம் சரிசெய்யச் சொல்லியிருக்கலாம், இல்லை நவம்பர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. சொன்னது எல்லாம் "முழுமையாக அணுகத்தக்கது" என்ற இரண்டு சொல்தான்.

இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டெண்டரோடு ஓர் இணக்கப் பட்டியல் வரும். அதில் பாதுகாப்பு, பேக்கப், வேகம் என்று பல வரிகளுக்கு நடுவில் 'மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதா?' என்று ஒரு வரி. பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். உங்கள் விற்பனைப் பிரிவில் ஒருவர் 'ஆம்' என்று டிக் அடிப்பார். வாங்குகிற அதிகாரிக்கு மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியாது. டெமோவில் மவுஸைப் பிடித்து அழகழகாகத் திரைகளைக் காட்டுவார்கள். அந்த அறையில் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். எங்கள் வங்கியில் நடந்த டெமோவுக்கு என்னைக் கூப்பிடவில்லை என்பதற்கு வங்கியும் பொறுப்பு. அதை வங்கியிடம் தனியாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் 'ஆம்' என்று எழுதியது வங்கி இல்லை.

டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1-இல் ஏ, டபுள் ஏ இரண்டும் சேர்த்து 50 நிபந்தனைகள். கீபோர்டில் மட்டும் எல்லாம் செய்ய முடிய வேண்டும், பிழையை எழுத்தில் சொல்ல வேண்டும், நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லக் கூடாது, பட்டனுக்குப் பெயர் இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன நாலு குறைகளும் இந்த ஐம்பதுக்குள்ளேயே அடக்கம். ஐம்பது கேள்விக்கும் ஒரே 'ஆம்' போட்டுக் கொடுப்பது பதில் ஆகுமா?

இதற்கு முறையான படிவம் ஒன்று இருப்பதும் உங்களுக்குத் தெரியும். வி.பி.ஏ.டி. என்று சொல்வார்கள். அமெரிக்க அரசு அலுவலகங்கள் வாங்கும் மின்னணுப் பொருள்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று அங்கே செக்‌ஷன் 508 சட்டம் சொல்கிறது. விற்பவர்கள் அதற்கு விவரம் கொடுப்பதற்காக வந்த படிவம் அது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேரே 'ஆதரிக்கிறது', 'ஓரளவு ஆதரிக்கிறது', 'ஆதரிக்கவில்லை', 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். அதற்குப் பக்கத்தில் குறிப்புரைக்கு ஒரு பத்தி. எனக்கு அந்தக் கடைசிப் பத்திதான் முக்கியம். 'ஓரளவு' என்றால் எந்தத் திரையில், எந்தக் கட்டத்தில், எதைச் செய்ய முடியாது, அதுவரை வேறு வழி என்ன என்பதெல்லாம் அங்கேதான் வர வேண்டும்.

எங்களுக்கு விற்ற அதே நிறுவனத்தின் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கான பக்கத்தில் அந்த அறிக்கை கிடைக்கிறது! அதில் நாட்காட்டிக் கட்டத்துக்கு நேரே 'ஓரளவு ஆதரிக்கிறது' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அங்கே ஒத்துக்கொண்ட குறையைத்தான் இங்கே என் கணினியின் கோளாறு என்று சொன்னார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வெளிநாட்டில் கேட்கிறார்கள், அதனால் கொடுக்கிறீர்கள். சரி, இப்போது நாங்களும் கேட்கிறோம்.

இந்தியாவுக்குத் தரநிலை இல்லையே என்றும் தப்பிக்க முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு, அணுகல்தன்மைக்கான தரநிலையான ஐ.எஸ். 17802-இன் முதல் பகுதியை 2021-இலும், தேவைகள் நிறைவேறியிருக்கின்றனவா என்று சோதிக்கும் முறையைச் சொல்லும் இரண்டாம் பகுதியை 2022-இலும் வெளியிட்டுவிட்டது. ஐரோப்பாவின் அதே வகைத் தரநிலையான இ.என். 301 549-ஐ ஒட்டி எழுதப்பட்டது அது. ஐரோப்பாவுக்கு அறிக்கை தயாரிக்கத் தெரிந்த உங்களுக்கு அதே வேலையை இங்கே செய்வது புதிதல்ல.

அடுத்தது அந்த நீலநிற மனித உருவப் பட்டன். பக்கத்தின் மூலையில் ஒட்டியிருக்கும்; அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், சிலதில் அதுவே படித்தும் காட்டும். "அதான் அக்சஸிபிலிட்டி பட்டன் வெச்சிருக்கோமே சார்" என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். என் கணினியில் ஏற்கெனவே ஒரு குரல் படித்துக்கொண்டிருக்கிறது, இன்னொன்று எதற்கு? அந்தப் பட்டன் பெயரில்லாத பட்டனுக்குச் சரியான பெயர் வைக்கப்போவதில்லை. திறக்காத நாட்காட்டியும் அதனால் திறந்துவிடாது. இப்படி ஒரு பட்டனைச் சேர்த்தால் எந்த இணையதளமும் தரத்துக்கு உட்பட்டுவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்ஸஸிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2025-இல் உத்தரவிட்டது. பிரசுரத்தில் அந்தப் பட்டனின் படத்தைப் போடுவதற்கு முன் அதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

தானியங்கிச் சோதனையில் நூற்றுக்கு நூறு வந்தது என்பதும் அதே ரகம்தான். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று அந்தக் கருவி பார்க்கும். 'இமேஜ் ஒன்று' என்று எழுதியிருந்தாலும் அதற்கு விளக்கம் இருக்கிறது என்றுதான் கணக்கு. கருவியால் சோதித்தீர்களா, ஆளை வைத்துச் சோதித்தீர்களா, அந்த ஆள் எந்த ஸ்கிரீன் ரீடரை எந்த பிரவுசரில் பயன்படுத்தினார் என்று எழுதாத மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் எந்த அறிக்கையிலும் அது இல்லை. தமிழ் இடைமுகம் உண்டு என்று பிரசுரத்தில் போட்டுவிடுகிறீர்கள். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று உள்ளே குறிக்க வேண்டும். அது ஏ நிலையிலேயே வரும் அடிப்படை நிபந்தனை. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்துவைத்தால், ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு திணறும், சில குரல்கள் தமிழ் எழுத்துகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இன்னொரு கூத்தும் உண்டு. யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில் அச்சாகும் படிவங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். என் காதில் அவை எழுத்துக்கூட்டி விழும்போது, வாடிக்கையாளரின் பெயரையே நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணையிட்டது 2010-இல். தமிழில் சோதித்தீர்களா இல்லையா என்று அறிக்கையில் ஒரு வரி எழுதக் கூடாதா?

புதிய பதிப்போடு நீங்கள் அனுப்பும் ரிலீஸ் நோட்டையும் பார்த்தேன். 'திரை வடிவமைப்பில் மேம்பாடு' என்று ஒரே வரி. என் வேலையைப் பறித்தது அந்த ஒரு வரிதான். ஒரு ரிப்போர்ட்டின் தலைப்பு மாறினால்கூடத் தனியாக எழுதுகிறீர்கள். கீபோர்டு வழி அடைபட்டது மட்டும் எழுதத் தகுந்த மாற்றமாகத் தெரியவில்லையா? வாங்கும்போது கொடுத்த அறிக்கை அந்தப் பதிப்புக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு அப்டேட்டும் அதைப் பொய்யாக்கலாம்.

என் சங்கதியை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். காது கேளாத சக ஊழியர் ஒருவருக்கு இதே மாற்றத்தின்போது வேறு தொல்லை. பயிற்சி முழுக்க வீடியோ, ஒன்றிலும் வசன வரி இல்லை. சந்தேகம் இருந்தால் ஹெல்ப்லைனுக்கு 'போன் செய்யவும்' என்று போட்டிருந்தது. யாரிடம் அதைச் சொல்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. எனக்கு அனுப்பிய பயன்பாட்டுக் கையேடோ ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.; பக்கம் பக்கமாகப் படம், படிக்க ஓர் எழுத்து கிடையாது. மென்பொருள் ஏற்றதா என்ற கேள்வி வருவதற்கு முன்பே அதைப் பற்றிச் சொல்லும் காகிதம் எங்களுக்கு மூடிக் கிடக்கிறது.

குறையை எழுத்தில் ஒத்துக்கொண்டால் போட்டி நிறுவனம் டெண்டரைத் தட்டிப் பறித்துவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் பாதுகாப்புக் குறைகளை இப்போது என்ன செய்கிறீர்கள்? பதிப்பு எண்ணோடு வெளியிட்டு, திருத்தம் எப்போது வரும் என்று சொல்கிறீர்கள். அதற்காக யாரும் உங்களைவிட்டு ஓடிப்போவதில்லை. எங்கள் தரப்பிலிருந்து சொல்கிறேன்: 'மூன்று திரைகள் கீபோர்டில் இயங்கா, அடுத்த காலாண்டில் சரியாகும்' என்று எழுதித் தரும் நிறுவனத்தோடு என்னால் வேலை செய்ய முடியும். அந்த மூன்று திரைகள் எந்த சீட்டுக்கு வரும் என்று பார்த்து, கிளையில் வேலையை மாற்றிப் பங்கிட்டுக்கொள்வோம். எல்லாம் சரி என்று எழுதிய நிறுவனத்தோடு ஒன்றும் செய்ய முடியாது, அங்கே புகார் கொடுத்தாலே நான்தான் பொய் சொல்கிறேன் என்றாகிவிடுகிறது.

எத்தனை பேருக்காக இதையெல்லாம் செய்வது என்ற கேள்வியையும் வேறொரு டெமோவில் காதால் கேட்டிருக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. உங்கள் திரைக்குள் நுழையவே முடியாதவர்களை உங்கள் பயனாளர் பட்டியலில் எண்ணித் தேடினால் குறைவாகத்தான் இருப்பார்கள்.

சட்டத்தை நீட்டி முழக்கப் போவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவை நிறுவனங்களையும் சேர்த்தே பேசுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமிலவீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும், வாடிக்கையாளரின் அடையாளத்தை உறுதிசெய்யும் கே.ஒய்.சி. சரிபார்ப்பின்போது கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லப்பட்டதைப் பற்றிய வழக்கு. மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு சொன்னது, 20 வழிகாட்டுதல்களும் பிறப்பித்தது. செயலியோ இணையதளமோ வடிவமைக்கும்போதும் புதிய வசதியைக் கொண்டுவரும்போதும் பயனாளர் சோதனைக் கட்டத்தில் பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும், தகுதிபெற்றவர்களைக் கொண்டு அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. தீர்ப்பு வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தானே, எங்களுக்கு இல்லையே என்று நினைக்க வேண்டாம். அந்த வங்கிகளுக்கு மென்பொருளைத் தருவது நீங்கள்தான். தணிக்கையில் கேள்வி வரும்போது அவர்கள் திரும்பிப் பார்க்கப்போவது உங்களைத்தான்.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

இணக்கப் பட்டியலில் 'ஆம்' என்று டிக் அடிப்பதை இன்றோடு விடுங்கள். பதிப்பு எண், சோதித்த தேதி, சோதித்த ஸ்கிரீன் ரீடர், பிரவுசர், மொழி, கருவியா ஆளா என்ற விவரங்களோடு நிபந்தனைவாரியாக அறிக்கை கொடுங்கள். குறிப்புரைப் பத்தியை வெறுமையாக விடாதீர்கள். சோதிக்காததை 'சோதிக்கவில்லை' என்றே எழுதுங்கள், அதற்காக உங்களைக் குறைசொல்ல மாட்டோம். வெளிநாட்டுக்கு ஓர் அறிக்கை, உள்நாட்டுக்கு ஒரு வாய்மொழி உறுதி என்ற வேறுபாடு இனி வேண்டாம். இணையதளத்தில், உள்நுழையாமலே யாரும் படிக்கும் இடத்தில் வையுங்கள், அதுவும் ஸ்கிரீன் ரீடர் படிக்கும் வடிவத்தில்.

தெரிந்த குறைகளுக்கு ஒரு பட்டியலும், ஒவ்வொன்றும் எப்போது சரியாகும் என்ற தேதியும், அதுவரை மாற்றுவழியும் வேண்டும். ஒவ்வொரு ரிலீஸ் நோட்டிலும் அணுகல்தன்மைக்கு ஒரு தலைப்பு ஒதுக்குங்கள். மாற்றம் இல்லை என்றால் இல்லை என்று எழுதினால் போதும். பயிற்சி வீடியோவுக்கு வசன வரியும், ஹெல்ப்லைனுக்கு மின்னஞ்சலும் அரட்டை வசதியும் இல்லாமல் எந்தப் பதிப்பையும் வெளியிடாதீர்கள்.

அணுகல்தன்மைப் புகார்களை ஸ்கிரீன் ரீடரைத் திறந்தாவது பார்த்த ஒருவரிடம் அனுப்புங்கள். குறை அப்படியே இருக்க, தரச் சான்றைக் காட்டி டிக்கெட்டை மூடும் அதிகாரம் அவருக்கும் இருக்கக் கூடாது. புகார் கொடுத்தவர் சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகே அது மூடப்பட வேண்டும்.

கடைசியாக, அடுத்த பதிப்பு வங்கியின் சோதனை சர்வருக்கு வரும்போதே அந்த வேலையை அன்றாடம் செய்யும் பார்வையற்ற ஊழியர்களையும், காது கேளாத, கை அசைவு குறைந்த ஊழியர்களையும் கூப்பிடுங்கள். நாங்கள் வருகிறோம். ஆனால் அதை எங்கள் சமூக சேவையாக எதிர்பார்க்காதீர்கள். வெளியிலிருந்து சோதிக்க அழைக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு, உங்கள் மற்ற சோதனையாளர்களுக்குக் கொடுக்கும் அதே ஊதியத்தைக் கொடுங்கள், அவர்கள் கண்டுபிடித்த குறைகளை அறிக்கையில் சேர்த்த பிறகு டெண்டருக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
பொதுத்துறை வங்கி ஊழியர் ஒருவர்